ஹன்னா பெல்ற்றனின் பிள்ளைகள்

அமெரிக்காவில் இருந்து ஒருத்தி சும்மா கடிதம் எழுதமாட்டாள். இதை நான் மகளுக்கு முதல்நாளே சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அப்பா, அவவுக்கு எழுபத்தாறு வயசு. லைபிரரியில வேலை செய்து பென்சன் எடுத்தவ. உங்களிட்ட என்னத்தைப் பறிக்கப்போறா?"

"வயசு போனால் கள்ளப்புத்தி போயிடுமோ?"

"அப்ப உங்களுக்கும் போகேல்லை எண்டு சொல்லுறியள்."

அன்று சனிக்கிழமை. மகள் கொழும்பிலேயே வெள்ளவத்தையில் கலியாணம் முடித்து இருக்கிறாள். அங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு பஸ் ஏறி வருவாள். மீனை வெட்டிக் கழுவி பிறிஜ்ஜில் வைப்பாள், என் பிறசர் குளிசைகளை நாளுக்கு நாள் பிரித்துப் போடுவாள், என்னோடு சண்டை பிடிப்பாள், போவாள். என் மனுசி பிறிஜெற் செத்து ஆறு வருசம். இந்த ஆறு வருசமும் நான் நாள் எண்ணுவது சனியிலிருந்து சனி வரைக்கும்தான்.

மகள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். பாசி பிடித்த ஒரு கல்லறைக் கல்லின் படம். நான் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினவன், துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை இறக்கினவன். இங்கிலிஷ் எழுத்துக் கூட்டினால் கொஞ்சம் வரும், கருத்து வராது. அவளே வாசித்தாள்.

"ஹன்னா பெல்ற்றன். ஆயிரத்தெழுநூற்று அறுபத்தொண்டில பிறந்தவ. அப்ப அமெரிக்கா இங்கிலாந்து ராசாவின்ர நாடு. கனெற்றிக்கட் எண்ட இடம். அப்பா, எங்கட கிழவி!"

எங்கள் குடும்பத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்க மிசன் பாதிரிமார் வந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரி கப்பலில் யாழ்ப்பாணம் வந்தாள், எங்கள் ஆள் ஒருத்தரைக் கட்டினாள், அவளுடைய பெயர் ஹன்னா பெல்ற்றன். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த பெண்பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் வைப்போம். என் தகப்பனின் அக்கா ஒரு ஹன்னா பெல்ற்றன். மாமி என்று நாங்கள் சொல்வது. கரிச்சட்டி நிறம். அந்த மனுசி கழுத்துவரைக்கும் பவுடர் பூசிக்கொண்டு, "எங்கட ரத்தத்தில ஒரு வெள்ளைக்காரி ஓடுறா" என்று சந்தையில் மீன்காரனுக்கும் சொல்லும். எனக்குச் சகோதரிகள் இல்லை. அடுத்த ஹன்னா பெல்ற்றன் என் மகள்.

அமெரிக்காக்காரியின் பெயர் மார்ஜரி. அந்தக் கிழவியின் தம்பி வழியில் வந்தவளாம். கிழவியின் சொந்த வழி எங்கே போனது என்று பதினொரு வருசமாகத் தேடுகிறாளாம். பழைய மிசன் கடுதாசி ஒன்றில் 'ஹன்னா பெல்ற்றன், சிலோன்' என்று கண்டிருக்கிறாள். பிறகு இன்ரநெற்றில் தட்ட, பள்ளிக்கூடப் பக்கத்தில் என் மகளின் பெயர் வந்திருக்கிறது. ஹன்னா பெல்ற்றன் சயந்தன். சயந்தன் அவளுடைய புருசன்.

"கோயில் பதிவெல்லாம் வேணுமாம்," என்றாள் மகள். "யாழ்ப்பாணத்துப் பழசுகள் அவவிட்ட இருக்கு. கொழும்பில உள்ளதுதான் இல்லை. புதன்கிழமை லீவு போட்டிருக்கிறன். நீங்களும் வாறியள். எங்கட கோயில் புத்தகம் எல்லாத்தையும் பாக்கப்போறம்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தேன். வைத்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

என் பயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஹன்னா பெல்ற்றன் எண்பத்திரண்டாம் ஆண்டு யூலையில் பிறந்தாள். அடுத்த வருசம் யூனில் செத்துப்போனாள். வயிற்றாலடி. மூன்று நாள்தான். எங்கள் சபைக் கோயிலில் வைத்து, மாதம்பிட்டியில் அடக்கம் செய்தோம். பெட்டி சின்னது. மடியில் வைத்துக்கொண்டு காரில் போனேன்.

ஐந்து கிழமையில், எண்பத்து மூன்று யூலையில், தமிழரை எரித்த கலவரம் வந்தது. எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடு எரிந்தது. நானும் பிறிஜெற்றும் ஓடி ஒரு பள்ளிக்கூட முகாமில் சேர்ந்தோம். அவள் வீட்டிலிருந்து எடுத்தது ஒரு சீலைப்பை மட்டும். உள்ளே கலியாணச் சேட்டிபிக்கற், பிள்ளையின் பிறப்புச் சேட்டிபிக்கற், பிள்ளையின் ஒரு சட்டை. முகாமில் ஒரு தூணடியில் ஒரு வயது மதிக்கத்தக்க பெண்குழந்தை தனியே அழுதுகொண்டிருந்தது. பிறிஜெற் தூக்கினாள். அவளுக்குப் பால் இன்னும் வற்றியிருக்கவில்லை. இரண்டாம் நாள் பெயர் எழுத வந்தவன், "இது ஆற்ற பிள்ளை?" என்றான். பிறிஜெற் சேட்டிபிக்கற்றை நீட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

பழைய ஒழுங்கைக்கு நாங்கள் திரும்பவில்லை. அங்கே இருந்தவர்கள் யாழ்ப்பாணம், இந்தியா, கனடா என்று சிதறிப்போனார்கள். போதகருக்கும் மாமிக்கும் மட்டும் தெரியும். முதல் ஞாயிறு போதகர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளையின் தலையில் கை வைத்தார், போனார். அவரும் மாமியும் இப்போது இல்லை. அந்தப் பிள்ளையின் சேட்டிபிக்கற்றில்தான் இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனது, பாஸ்போட் எடுத்தது, கலியாணம் முடித்தது. நான் அவளை ஹன்னா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'பிள்ளை' என்பேன். அவளுக்கு அது செல்லம் என்று நினைப்பு.

உண்மை தெரிந்தவர்களில் இங்கே உயிரோடு இருப்பது நான் ஒருத்தன். மற்றது கோயில் அலுமாரியில் இருக்கிற அடக்கப் புத்தகம்.

அவள் அந்த வரியை வாசித்தால் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்ர அப்பா இல்லையோ என்று கேட்டால் நான் நிமிர்ந்து பதில் சொல்லுவேன். என்ர ஆக்களைத் தேடினனீங்களோ என்று கேட்டால்? அந்தக் கேள்விதான் நாற்பத்திரண்டு வருசமாக என் நெஞ்சில் ஏறி இருக்கிறது.

திங்கட்கிழமை வெய்யில் ஏறமுன்னர் கோயிலுக்குப் போனேன். கிளாக் அருமைநாயகம் மேசையில் இருந்து மாலு பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சீனி வியாதிக்காரன். கண்டவுடன் பணிசை பைலுக்குப் பின்னால் மறைத்தான், நான் என்று தெரிந்ததும் திரும்ப எடுத்தான்.

"என்ன பிறெடி அண்ணை, வழி தவறி வந்திட்டியளோ? நத்தாருக்கு டிசம்பர் வரைக்கும் கிடக்கே."

"வாயை மூடிப்போட்டுத் தின்."

"ரெண்டையும் ஒண்டாச் செய்யேலாது. உங்கட பிள்ளை போன் எடுத்தவ. புதன்கிழமை வாறாவாம். ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம், மூண்டு புத்தகத்தையும் எடுத்து வைக்கட்டாம். மனுசனுக்குக் கிடக்கிறதும் அந்த மூண்டு சாமான்தானே."

"அடக்கப் புத்தகம் கறையான் அரிச்சுப்போச்செண்டு கேள்வி."

"எந்த விசரன் சொன்னது? நான் வேப்பிலை வைச்சுப் பாதுகாக்கிறன்!" கோபம் வந்துவிட்டது அவனுக்கு. கையைச் சாரத்தில் துடைத்தான், அலுமாரியைத் திறந்தான், நீலத் துணி போட்ட பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன் போட்டான். "பாருங்கோ. ஒரு ஓட்டை காட்டுங்கோ."

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவன். அருமைநாயகம் சிங்களத்தில் கத்திக்கொண்டு போனான்.

நானும் புத்தகமும். இங்கிலிஷ், அதுவும் கூட்டெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. வருச இலக்கம் மட்டும் எனக்கு விளங்கும். எண்பத்து மூன்றைப் பிடித்தேன். யூன் மாதத்தில் விரலை வைத்துக் கீழே இழுத்தேன். என் பெயரை நான் எந்தக் கையெழுத்திலும் கண்டுபிடிப்பேன். சம்பளத் துண்டில் முப்பது வருசம் பார்த்த பெயர். அது தகப்பன் என்ற இடத்தில் இருந்தது. பக்கத்தில் அவளுடைய பெயர். வயது என்ற இடத்தில் பதினொன்று போட்டு ஒரு சின்ன எழுத்து. மாதம் என்று அர்த்தமாக்கும்.

தாளின் மூலையைப் பிடித்தேன். ஒரே இழுவை. சட்டைக்குள் வைத்தால் முடிந்தது. வெளியே அருமைநாயகத்தின் குரல் தூரத்தில்தான் கேட்டது.

இழுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்குப் படம் இல்லை. கல் வைக்கவில்லை. மாதம்பிட்டியில் அந்த இடத்தில் இப்போது வேறு ஆள் கிடக்கிறது. அவளுடைய பெயரையும் பிறந்த நாளையும் எடுத்து மற்றவளுக்குக் கொடுத்துவிட்டோம். அப்படி ஒருத்தி பிறந்து பதினொரு மாதம் இருந்தாள் என்பதற்கு என் கைக்கு எட்டுகிற ஒரே சாட்சி அந்த ஒரு வரி. அதையும் கிழித்தால் நான் அவளை இரண்டாம் தரம் புதைத்த மாதிரி.

அருமைநாயகம் வந்தபோது புத்தகம் மூடி இருந்தது.

"ஓட்டை கண்டனீங்களோ?"

"இல்லை."

"உங்களுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது? இருங்கோ, பேனைப் போடுறன்."

செவ்வாய் இரவு வரைக்கும் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லி மறிக்கலாமா என்று பார்த்தேன். மறித்தால் அவள் தனியாகப் போவாள். நான் பக்கத்தில் இருந்தாலாவது புத்தகத்தை எங்கே திறப்பது என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அந்த யோசனைதான் என்னைக் கெடுத்தது.

புதன்கிழமை பத்து மணிக்கு மகள் கொப்பியோடும் கண்ணாடியோடும் வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது. ஞானஸ்நானப் புத்தகத்தில் என் பெயரைக் கண்டுபிடித்தாள், அவளுடைய பெயரைக் கண்டுபிடித்தாள், படம் எடுத்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்பா, ஒண்டு சொல்லுறன். கோவிக்கப்படாது. வெள்ளைக்காரி இல்லை."

"எங்க போனவ?"

"வரவே இல்லை. அவ கப்பலே ஏறேல்லை. விடிய மார்ஜரியின்ர ஈமெயில் வந்தது. கடுதாசி ஒண்டு அம்பிட்டிருக்கு. அந்தக் கிழவிக்குப் பிள்ளை இல்லை. புருசனும் செத்துப்போனார். மிசனுக்கு எழுதியிருக்கிறா, யாழ்ப்பாணத்தில ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் படிக்க வைக்க நான் உதவி செய்யிறன், அந்தப் பிள்ளைக்கு என்ர பேரை வையுங்கோ எண்டு. அப்ப அதுதான் வழக்கமாம். ஆர் உதவி செய்யினமோ அவையின்ர பேர்தான் பிள்ளைக்கு. ஒரு வகுப்பு முழுக்க அமெரிக்காப் பேர். பிள்ளையள் எல்லாம் எங்கட சனம்."

அருமைநாயகம் வாயில் கை வைத்தான். "அப்ப எங்கட பூட்டன் ஈபனேசர் டட்லியும் வெள்ளைக்காரன் இல்லையோ? கடவுளே. பிள்ளை, இதை என்ர மனுசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ அதைக் கேட்டுத்தான் என்னைக் கட்டச் சம்மதிச்சவ."

நான் சிரித்தேன். அந்தக் கிழமையில் முதல் தரம் மூச்சு வந்தது. "அப்ப முடிஞ்சுது," என்றேன். "வெள்ளைக்காரியும் இல்லை, ஒண்டும் இல்லை. வா, வீட்டை போவம்."

மகள் எழும்பவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு அப்ப ஏழு வயசு அப்பா. ஏழு வருசமா ஒரு பேர் இருந்திருக்கும்தானே? தாய் கூப்பிட்ட பேர். அதை ஒருத்தரும் எழுதேல்லை. மார்ஜரி எல்லாக் கடுதாசியும் பாத்திட்டா. கிழவியின்ர பேர் மூண்டு இடத்தில வடிவாக் கிடக்கு. பிள்ளையின்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை."

"அதுக்கென்ன இப்ப? படிப்பிச்சவை. சோறு போட்டவை."

"சோறு போட்டால்? ஒரு பிள்ளையின்ர பேரைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு வேற ஒருத்தியின்ரயை ஒட்டலாமோ? அதின்ர தாயைக் கேட்டவையோ?"

"அந்தப் பிள்ளை நல்லாத்தானே இருந்தது!" என் குரல் உயர்ந்துவிட்டது. "கலியாணம் முடிச்சுது, பிள்ளை பெத்துது, நாங்கள் எல்லாம் வந்தம். பிறகென்ன?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களை ஆரப்பா குற்றம் சொன்னது?"

நான் ஞானஸ்நானப் புத்தகத்தை மூடி அருமைநாயகத்தின் பக்கம் தள்ளினேன்.

"கிளாக் ஐயா, அந்த அடக்கப் புத்தகத்தையும் ஒருக்காத் தாங்கோ," என்றாள். "மார்ஜரி ஒண்டுதான் கடைசியாக் கேட்டவ. அந்தப் பேரைச் சுமந்த ஆக்கள் எல்லாரையும் வரிசையா எழுதப்போறாவாம், எப்ப பிறந்தது எப்ப செத்தது எண்டு. பெறாத கிழவிக்கு அவையள்தான் பிள்ளையளாம். பெரிய ஹன்னா மாமி செத்தது எந்த வருசம் அப்பா?"

மாமி செத்தது எண்பத்தாறு. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் சபை சின்னது. எண்பத்தாறிலிருந்து எண்பத்து மூன்றுக்கு இரண்டு தாள்தான். திங்கட்கிழமை என் கண்ணால் கண்டது. ஒரு காற்றுப் பட்டால் புரண்டுவிடும். அவளை அங்கிருந்து தள்ளி வைக்கவேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

"எழுபத்தாறு," என்றேன்.

எண்பத்தாறு என்று சொல்லியிருந்தால் நேரே அந்தப் பக்கத்தைத் திறந்து, எழுதிக்கொண்டு, மூடியிருப்பாள். இது எனக்கு விளங்க ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை.

எழுபத்தாறில் மாமி இல்லை. எழுபத்தேழிலும் இல்லை. அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனாள். பிறகு நிறுத்தினாள்.

"எழுபத்தாறெண்டு சொல்லுறியள். மாமி என்னைத் தூக்கி வைச்சிருக்கிறது எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தப் பவுடர் மூக்குக்க போய்த் தும்மினனான். நான் பிறந்ததே எண்பத்திரண்டு."

"எனக்கு மறதி."

"உங்களுக்கோ? அம்மா எந்தக் கடையில எந்தச் சீலை வாங்கினவ எண்டுகூடச் சொல்லுவியள்." தாள்களை மொத்தமாகப் புரட்டினாள். "நான் பிறந்த வருசத்தில இருந்து பாத்துக்கொண்டு வாறன். எப்பிடியும் அதுக்குப் பிறகுதானே."

எண்பத்திரண்டு. ஓகஸ்ட். ஒக்டோபர். அவளுடைய விரல் இறங்குவதைப் பார்த்தேன். நகத்தில் பேனை மை. ஒரு தாள் புரண்டது. எண்பத்து மூன்று ஜனவரி. மார்ச்சில் ஒரு பெயர். ஏப்ரலில் இரண்டு. அடுத்த தாளைப் பிடித்தாள். நான் அதன்மேல் கையை வைத்து அமர்த்தினேன்.

"என்னப்பா?"

"பிள்ளை, திருப்பாதை. அங்க உன்ர பேர் இருக்கு."

"மாமியின்ர பேர்தானே என்ர பேர். அதைத்தானே தேடுறம்."

"மாமி எண்பத்தாறு. நான் பொய் சொன்னனான். இது மாமி இல்லை."

சிரிக்கத் தொடங்கினவள் என் முகத்தைக் கண்டு விட்டுவிட்டாள். என் கையைத் தூக்கி மேசையின் ஓரத்தில் வைத்தாள், ஒரு சாமானை எடுத்து வைக்கிற மாதிரி. தாளைத் திருப்பினாள். கண்ணாடியைப் போட்டாள். வாசித்தாள். திரும்ப வாசித்தாள். அருமைநாயகமும் எட்டிப் பார்த்தான். அவனுக்குக் கதை தெரியாது. ஆனால் ஏதோ தெரிந்து, "குழாய்க்காரன் வந்திட்டான்" என்று சொல்லிக்கொண்டு வெளியே போனான். குழாய்க்காரன் வரவில்லை.

நான் சொன்னேன். வயிற்றாலடி, பெட்டி, கலவரம், தூணடி, சேட்டிபிக்கற். ஐந்து நிமிசத்தில் முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வருசம் சுமந்தது ஐந்து நிமிசம்தான்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. கொப்பியில் புதுப்பக்கம் திருப்பினாள்.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

சொன்னேன். எழுதினாள்.

"எத்தினையாம் திகதி?"

"யூலை இருபத்தாறு பின்னேரம்."

"எந்தப் பக்கத் தூண்?"

"வாசலுக்கு வலப்பக்கம். மூண்டாவது."

"என்ன உடுப்பு?"

"மஞ்சள் சட்டை. கீழ கிழிஞ்சிருந்தது."

"கால்ல, கையில ஏதும்?"

"இடுப்பில ஒரு அரைஞாண் கயிறு. கறுப்பு."

"அது எங்க?"

"அம்மா எறிஞ்சு போட்டா."

ஒவ்வொரு கேள்வியின் கடைசியிலும் 'அப்பா' வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுகிறவள். கேள்வி வந்தது. அந்தச் சொல் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஆறோடு விட்டுவிட்டேன்.

"ஆரும் தேடி வந்தவையோ?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எழுபத்தாறு என்று சொன்ன ஒரு பொய் என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்று பார்த்தேன்.

"ஒராள் வந்தவர். நாலாம் நாள். தலைமயிர் ஒரு பக்கம் பொசுங்கிக் கிடந்தது. பாய்களுக்கிடையில நடந்து நடந்து கூப்பிட்டவர். 'துஷி, துஷி' எண்டு."

பேனை நின்றது.

"நீ அம்மாவின்ர தோளில கிடந்தனி. அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினனி. அம்மா சீலைத் தலைப்பை எடுத்து உன்ர தலையில போட்டா. அந்தாள் எனக்குக் கிட்ட வந்து, 'அண்ணை, ஒரு சின்னப் பிள்ளையைக் கண்டனீங்களோ' எண்டு கேட்டவர்."

"நீங்கள்?"

"காணேல்லை எண்டனான்."

"நான் திரும்பினனானோ?"

"ஓம்."

மேலே பேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கொப்பியை மூடினாள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தாள், இரண்டாம் தரமும் எடுத்தாள்.

"சனிக்கிழமை வருவன். அதுக்குள்ள எல்லாத்தையும் யோசிச்சு வையுங்கோ. ஒண்டையும் ஒளிக்கவேண்டாம்."

வழக்கமாக என்னை றோட்டுக் கடத்திவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவாள். அன்று நான் வாசலுக்கு வரமுன்னரே மற்றப் பக்கத்தில் நின்றாள். பஸ் வந்தது. போய்விட்டாள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் பொலிஸ் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஸீனத் கறி கொண்டுவந்து தட்டியபோதும் திறக்கவில்லை. "அங்கிள், மௌத்தாப் போயிட்டீங்களோ?" என்று அந்தப் பிள்ளை வெளியே நின்று கத்தியது. இல்லை, சாகேல்லை என்று உள்ளே இருந்து சொன்னேன். பொலிசைவிட இன்னொன்றுக்குப் பயம். ஒளிக்கவேண்டாம் என்றாளே. இன்னும் ஒன்று ஒளித்துத்தான் வைத்திருந்தேன்.

காணவில்லை என்று நான் சொன்ன பிறகு அந்த ஆள் உடனே போகவில்லை. முகாம் வாசலில் யாழ்ப்பாணம் போகும் காங்கேசன்துறைக் கப்பலுக்கு ஆட்களை ஏற்ற லொறி நின்றது. ஏறுகிறவர்களின் பெயரையும் ஊரையும் ஒருத்தர் எழுதினார். அந்த ஆள் எல்லாரையும் ஏறவிட்டுக் கடைசியாக நின்றார். ஒவ்வொரு சத்தத்துக்கும் முகாமைத் திரும்பிப் பார்த்தார். போகிறாரா என்று பார்க்க நான் பின்னால் போனேன். போய்விட வேண்டும் என்று கர்த்தரைக் கேட்டுக்கொண்டே போனேன். அவரிடம் பெயர் கேட்டபோது நான் நாலடி தூரத்தில் நின்றேன். சொன்னது எனக்குக் கேட்டது. இத்தனை வருசத்தில் பிறிஜெற்றுக்குக்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினேன். முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று தெரியும். சிவபாதசுந்தரம். சுன்னாகம். இரண்டே சொல். எழுதி உப்புப் போத்தலுக்குக் கீழே வைத்தேன். இரண்டு தரம் எடுத்துக் கசக்கப் போனேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு வந்தாள். மீன் இல்லை. தோளில் ஒரு பெரிய பை. உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள். கண் வீங்கி இருந்தது. நான் அந்தத் தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். வாசித்தாள்.

"ஊரும் தெரியும்."

"ஓம்."

"இவ்வளவு காலமும் தெரியும்."

"ஓம்."

தாளை மடித்துப் பையின் உள்ளறைக்குள் வைத்து சிப்பை இழுத்தாள். வெளியே ஒரு திறீவீல் ஹோர்ண் அடித்துக்கொண்டு போனது.

"வெளிக்கிடுங்கோ," என்றாள்.

"எங்க?"

"கோட்டை ஸ்ரேசனுக்கு. யாழ்ப்பாணம் போற ரெயினுக்கு ரெண்டு ரிக்கற் எடுத்திருக்கிறன். முகாம் லிஸ்ற்றுகள் அங்க அரசாங்கக் கச்சேரியில கிடக்குமெண்டு மார்ஜரி விசாரிச்சுச் சொன்னவ. இப்ப லிஸ்ற் தேவையில்லை. நேர சுன்னாகம்."

"நான் ஏன் பிள்ளை? நீ சயந்தனைக் கூட்டிக்கொண்டு போவன்."

"சயந்தன் அந்த முகத்தைக் கண்டவரோ? நான் கண்டதும் ஞாபகத்தில இல்லை. நீங்கள்தான் கண்டனீங்கள்."

அந்த ஆள் உயிரோடு இருந்தால் அவருக்கும் என் வயதுதான் இருக்கும். கதவைத் திறப்பார். என்னைப் பார்ப்பார். என்னால் அவருடைய முகத்தை மறக்க முடியவில்லை. அவர் என் முகத்தை மறந்திருப்பாரா என்று எனக்கு யார் சொல்லுவது?

அறைக்குள் போய் வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டேன். மேல் பொத்தான் ஓட்டைக்குள் போக மறுத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து பொத்தானைப் பூட்டிவிடவில்லை. என்னை விட்டுப் போகவும் இல்லை.